மலைப்பாதையில் கேஸ் வண்டி

பெற்றோல் விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் என் கராஜுக்கு ஒரே கேள்வி வருகிறது. கேஸில் கார் ஓட்டினால் லாபமா? நம்ம மலைக்கு அது சரிப்படுமா? கொட்டகலையில், ஹட்டனிலிருந்து நுவரெலியா போகும் பிரதான பாதையோரம் வண்டி திருத்துவது என் தொழில். கேஸ் கிட் பூட்டியிருக்கிறேன். பூட்டிய கிட்டுகளைக் கழற்றியும் கொடுத்திருக்கிறேன். இரண்டு வேலையும் சேர்ந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்: எஞ்சினுக்குக் கேஸ் நன்றாகவே பிடிக்கும். அந்தக் கேஸ் மலைக்கு மேலே வந்து சேர்வதும், வந்ததை ஆபத்தில்லாமல் வைத்திருப்பதும்தான் பெரிய காரியம்.

முதலில் எந்தக் கேஸ் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். இதைக் குழப்பிக்கொண்டு பணத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். பூமிக்கு அடியிலிருந்து வரும் இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன். சாதாரண வெப்பத்தில் எவ்வளவு அமுக்கினாலும் அது திரவமாகாது. அதனால் காருக்குள் 200 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கிறார்கள். திரவமாக்க வேண்டுமென்றால் பூச்சியத்துக்குக் கீழே 162 பாகை வரை குளிரவைக்க வேண்டும். நம் வீட்டு அடுப்புக்கு வரும் கேஸ் வேறு ஜாதி. அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பத்து பாருக்கும் குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகி சிலிண்டருக்குள் அடங்கிவிடும். டெல்லியில் பஸ் ஓடுவது முதல் வகையில். இலங்கையில் கார் ஓடியது இரண்டாவது வகையில். நான் கைவைத்து வேலை செய்ததும் அந்த இரண்டாவது வகையில்தான்.

பஞ்சிகாவத்தையில் படித்தது

பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கொழும்புக்கு ரயிலேறிய தோட்டத்துப் பிள்ளைகளில் நானும் ஒருவன். கூட வந்தவர்கள் பலர் கடைகளில் நின்றார்கள். எனக்குப் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு கராஜில் இடம் கிடைத்தது. கேஸ் வண்டி இலங்கைக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. 1995இல் கொழும்பு கேஸ் கம்பனியை ஷெல் எடுத்தது. அதே ஆண்டில் பெற்றோல் வாகனங்களைக் கேஸுக்கு மாற்றிக்கொடுக்க கேஸ் ஒட்டோ லங்கா என்ற கம்பனி தொடங்கியது. பின்னாளில் லாஃப்ஸ் என்று நாடு முழுக்கத் தெரிந்த நிறுவனத்தின் வேர் அதுதான். சமையல் சிலிண்டருக்கு முன்பே அவர்கள் வண்டிக்குக் கேஸ் கொடுக்கத் தொடங்கியவர்கள். கொழும்பு டாக்சிக்காரர்களும் வேன்காரர்களும் அந்த ஆண்டுகளில் வரிசையாகக் கிட் பூட்டினார்கள்.

எங்கள் பாஸ் வேலையை ஒழுங்கு தவறாமல் சொல்லிக்கொடுத்தார். டிக்கிக்குள் தடித்த இரும்பு டேங்க். அதன் வாயில் மல்டிவால்வ். எண்பது சதவீதம் நிரம்பியதும் அது தானாக அடைத்துக்கொள்ளும். வெயிலில் திரவம் விரியும். மீதி இருபது சதவீதம் அந்த விரிவுக்கு விட்ட இடம். டேங்கின் அடியிலிருந்து கேஸ் திரவமாகவே செப்புக் குழாயில் எஞ்சின் வரைக்கும் வரும். அங்கே ஒரு சொலனொயிட் வால்வ். எஞ்சின் நின்றால் அதுவும் மூடிவிடும். அதைத் தாண்டினால் வேப்பரைசர். திரவம் வாயுவாக மாறும்போது சூட்டை உறிஞ்சும். அந்தச் சூட்டைக் கொடுப்பதற்காக ரேடியேட்டர் தண்ணீரை வேப்பரைசர் வழியாக ஓட விடுவோம். கடைசியில் காபரேட்டருக்கு மேல் மிக்ஸர். காற்றும் கேஸும் கலந்து உள்ளே போவது அதன் வழியாகத்தான். டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் இருக்கும். வேண்டும்போது பெற்றோல், வேண்டும்போது கேஸ்.

கிட்டைத் தொடுவதற்கு முன் எஞ்சினைப் பார்க்கச் சொல்வார் பாஸ். கொம்பிரஷன் எப்படி, வால்வ் இடைவெளி எப்படி, பிளக்கும் எச்.டி. வயரும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். பெற்றோல் கொஞ்சம் பொறுத்துப்போகும். தீப்பொறி பலவீனமாக இருந்தாலும் எப்படியோ பற்றிக்கொள்ளும். கேஸ் பொறுக்காது. காற்றும் கேஸும் கலந்த கலவையில் பொறி பாய்வதற்குக் கூடுதல் மின் அழுத்தம் வேண்டும். பிளக் இடைவெளியைக் குறைப்போம், டைமிங்கைச் சற்று முன்னே தள்ளுவோம். எல்லாம் முடிந்த பிறகு சவர்க்கார நுரையைக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் பூசி, குமிழ் வருகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்ப்போம். அந்தப் பரிசோதனை முடியாமல் ஒரு வண்டியும் கராஜை விட்டு வெளியே போகாது.

கேஸின் நன்மைகளை நான் நேரில் கண்டவன். எஞ்சின் ஒயிலை மாற்றும்போது பெற்றோல் வண்டியின் ஒயில் கறுத்துப்போயிருக்கும். கேஸ் வண்டியின் ஒயில் நெடுநாள் நிறம் மாறாமல் இருக்கும். பிளக்கில் கரி பிடிக்காது. எஞ்சின் சத்தம் தணியும். கேஸின் ஒக்டேன் நூறைத் தாண்டுவதால் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது நொக் அடிக்காது. பழைய எஞ்சின்களில் வால்வ் சீட் தேய்வது ஒன்றுதான் எங்களைத் தொந்தரவு செய்த குறை. மென்மையான சீட் வைத்த பழைய மாடல்களுக்குக் கிட் பூட்ட வேண்டாமென்று பாஸ் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்.

மலை வைத்த சோதனைகள்

ஊருக்குத் திரும்பி வந்து சொந்தமாகக் கராஜ் போட்டபோது, கொழும்பில் கற்ற பாடம் கொட்டகலையில் பாதிதான் என்பது புரிந்தது. மீதியை மலை கற்றுக்கொடுத்தது.

முதலாவது உயரம். கொட்டகலை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே. இந்த உயரத்தில் காற்று கடற்கரைக் காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்த்தி குறைந்தது. நுவரெலியாவில் 1,868 மீற்றர். அங்கே இன்னும் குறைவு. காற்று குறைந்தால் எந்த எஞ்சினுக்கும் பலம் குறையும். கேஸ் எஞ்சினுக்கு அதற்கு மேல் இன்னொரு நட்டம் உண்டு. பெற்றோல் துளியாக உள்ளே போகிறது. கேஸ் வாயுவாகவே போய்க் காற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. இயற்கை வாயுவில் இந்த நட்டம் இன்னும் கூடுதல். கொழும்பில் தெரியாத பலவீனம், குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் ஏற்றிக்கொண்டு ரதல்ல குறுக்குப் பாதையில் ஏறும் டவுன்ஏஸ் வேனில் நன்றாகத் தெரியும். கொழும்பில் டியூன் செய்த மிக்ஸர் இங்கே வந்ததும் கேஸைத் தேவைக்கு மேல் இழுக்கும். இங்கே ஸ்க்ரூவை இறுக்கிச் சரிசெய்து அனுப்பினால், கீழே இறங்கியதும் கேஸ் போதாமல் எஞ்சின் சூடாகும். இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு நிலையைக் கண்டுபிடித்து வைப்பதுதான் எங்கள் வேலையின் நுட்பம். வண்டிக்காரர் மாதத்தில் எத்தனை நாள் கொழும்பு போவார், எத்தனை நாள் மலையிலேயே ஓடுவார் என்று கேட்டு அறியாமல் நான் ஸ்க்ரூ ட்ரைவரை எடுப்பதில்லை.

இரண்டாவது குளிர். பியூட்டேன் கொதிப்பது பூச்சியப் பாகைக்கு அருகில். புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே கொதிக்கும். இலங்கையில் வந்த கேஸில் நெடுங்காலம் பியூட்டேனே அதிகம். கொழும்பு வெக்கைக்கு அது போதும். தை மாதத்தில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி பிடித்திருக்கும் விடியற்காலையில் அந்தக் கலவைக்கு எழும்பவே மனமிருக்காது. அதனால் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாகிய பிறகே கேஸுக்கு மாற்ற வேண்டும். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. எஞ்சின் சூடாகக்கூடாது என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் நாட்டு கராஜ்களில் பழகிப்போன வழக்கம். மலையில் அப்படி எறிந்தால் இறக்கத்தில் தண்ணீர் சூடே ஏறாது. வேப்பரைசர் வெளியே வெண்மையாக உறைந்து, உள்ளே திரவம் வாயுவாக மாறாமல் மிக்ஸருக்கே வந்துவிடும். கேஸ் வண்டி இழுக்கவில்லை என்று வந்தவர்களில் பலருக்கு நான் செய்த வேலை ஒரு தேர்மோஸ்டாட்டைத் திரும்பப் பூட்டியதுதான்.

மூன்றாவது மழை. வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்று. தென்மேற்குப் பருவத்தில் அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எச்.டி. வயரில் ஈரம் ஏறினால் பொறி வழியிலேயே கசிந்துபோகும். பெற்றோல் வண்டி திக்கித் திணறியாவது ஹட்டனைப் பிடித்துவிடும். கேஸ் வண்டியில் பற்றாமல் போன கலவை மிக்ஸருக்குள் பின்னோக்கி வெடித்து எயார் கிளீனரைப் பிளந்துவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்ட பயணிகள் அடுத்த தடவை அந்த வேனில் ஏறமாட்டார்கள். மலையில் கேஸ் வண்டி வைத்திருப்பவர் வருடா வருடம் மழைக்கு முன்னால் பிளக்கையும் வயரையும் மாற்றியே ஆக வேண்டும்.

நான்காவது இறக்கம். எனக்கு அதிகம் பயம் தந்தது இதுதான். கினிகத்தேனை இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டுக் கியரிலேயே இறங்குகிறோம். ஒரு வளைவில் கிளச்சை மிதித்ததும் ஐட்லிங் சரியாக வைக்கப்படாத கேஸ் எஞ்சின் அப்படியே நின்றுபோகும். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெக்கூமும் தீர்ந்துபோகும். மிதி கல்லாக இறுகும். சமதரையில் இது ஒரு சில்லறைக் குறை. எங்கள் பாதையில் உயிர்ப் பிரச்சினை. ஐட்லிங்கைப் பாதையில் ஓட்டிப் பார்த்தே நான் ஒப்படைப்பேன். கராஜ் வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பி யாரும் மலையிறங்க வேண்டாம்.

இந்த நான்கும் கைவேலையால் தீர்க்கக்கூடியவை. உயரத்துக்கும் குளிருக்கும் மழைக்கும் இறக்கத்துக்கும் பழகிய ஒருவர் கவனமாகப் பூட்டினால் கேஸ் வண்டி இந்த மலையில் நம்பி ஓட்டக்கூடிய வண்டிதான். எனக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் தன் பழைய சன்னி காரை வருடக்கணக்கில் கேஸில் ஓட்டினார். எஞ்சின் ஒருநாளும் அவரைக் கைவிடவில்லை.

கணக்கு

அப்படியிருந்தும் கேஸ் வண்டிகள் எங்கள் பக்கத்தில் ஏன் நிலைக்கவில்லை? அதற்கான பதில் எஞ்சினுக்கு வெளியே இருக்கிறது.

ஒரு வேனுக்கு அறுபது லீற்றர் டேங்க் வைப்போம். எண்பது சதவீதம் என்றால் 48 லீற்றர். ஒரு லீற்றர் கேஸில் இருக்கும் சக்தி ஒரு லீற்றர் பெற்றோலில் இருப்பதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. ஏற்ற இறக்கப் பாதையில் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் கிடைத்தால் நல்லது. ஆகவே ஒரு டேங்குக்கு முந்நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. கொழும்பிலிருந்து கொட்டகலைக்குச் சுமார் 130 கிலோமீற்றர். எங்கள் பாதையில் கேஸ் அடிக்கும் ஷெட் கிடையாது. கொழும்பில் டேங்கை நிரப்பி மேலே வந்து, திரும்பக் கொழும்பு போய்ச் சேர்ந்தால் கணக்கு முடிந்தது. ஊருக்குள் ஹயர் ஓடக் கேஸ் மிச்சம் இருக்காது. வாரந்தோறும் கொழும்புக்கு மரக்கறி ஏற்றியவர்களுக்குக் கேஸ் பொருந்தியது. கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்கும் பத்தனைக்கும் நோயாளியையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஓடியவர்களுக்குப் பொருந்தவில்லை. அவர்கள் கேஸ் கிட்டைச் சுமந்துகொண்டு பெற்றோலில் ஓடினார்கள்.

டீசலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலைநாட்டு வேன்களிலும் லொறிகளிலும் பெரும்பாலானவை டீசல். டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது; எங்கள் கிட்டை அதில் பூட்ட முடியாது. டீசல் விலையும் நம் நாட்டில் நெடுங்காலம் பெற்றோலைவிட நன்றாகக் குறைத்தே வைக்கப்பட்டிருந்தது. உழைக்கும் வண்டிக்காரர் கேஸைத் தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதற்கு மேலே டேங்க். கேஸ் டேங்குக்கு ஆயுள் உண்டு. குறித்த ஆண்டுக்கொரு தடவை தண்ணீர் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அந்த வசதி மலையில் இல்லை. வேப்பரைசருக்குள் இருக்கும் ரப்பர் டயப்பிரம் கிழிந்தாலும் கொழும்புக்குத்தான் ஆள் அனுப்ப வேண்டும். பின்னாளில் காபரேட்டர் வண்டிகள் போய் ஈ.எஃப்.ஐ. வந்தது, அதற்குப் பிறகு ஹைபிரிட் வந்தது. கிட்டுகளைக் கழற்றித் தரச்சொல்லி ஒவ்வொருவராக வந்தார்கள்.

2022

கேஸில் ஓட்டினால் லாபமா என்ற அடங்கிப்போன கேள்வியை 2022 மீண்டும் எழுப்பியது. விலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் கொடுமை விளங்கும். 2021 ஜூனில் ஒக்டேன் 92 பெற்றோல் 157 ரூபா. அந்த டிசம்பரில் 177. 2022 மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதத்தில் 420, ஜூன் முடிவில் 470. அந்த விலை கொடுத்தாலும் பெற்றோல் இல்லை. ஷெட் வாசலில் வண்டிகள் நாள் கணக்கில் நின்றன. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. அதன்பின் கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர் என்று பங்கீடு வைத்தார்கள். எங்கள் ஏற்றத்தில் ஐந்து லீற்றர் இரண்டு நாளைக்குக் காணாது.

சமையல் கேஸின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 12.5 கிலோ சிலிண்டரில் ஏறத்தாழ 17 லீற்றர் பெற்றோலுக்குரிய சக்தி இருக்கிறது. 2021 ஒக்டோபர் வரை லிட்ரோ கம்பனியின் சிலிண்டர் 1,493 ரூபா. அதைப் பெற்றோல் கணக்கில் மாற்றினால் லீற்றர் 88 ரூபா; பெற்றோலின் விலையில் பாதியைவிடச் சற்றே அதிகம். ஒக்டோபரில் சிலிண்டர் 2,675 ஆனது, 2022 ஏப்ரலில் 4,860 ஆனது. அப்போதும் லீற்றருக்கு 286 ரூபா வீதம். 338 ரூபா பெற்றோலைவிட மலிவு. இந்தக் கணக்கை என்னைவிட வேகமாக ஓட்டோக்காரப் பிள்ளைகள் போட்டுவிட்டார்கள்.

ஒரு தோட்டத்துத் தம்பி சிலிண்டரோடேயே வந்து நின்றார். "அண்ணே, இத சீட்டுக்குப் பின்னால வச்சுக் கட்டித் தாங்கண்ணே. பைப்ப மட்டும் காபரேட்டருக்கு எடுத்துக் குடுங்க. வெளிய பசங்க ஓட்டுறாங்களாம்."

"தம்பி, இது நிக்க வச்சு அடுப்புக்குக் குடுக்கிற சிலிண்டரு. வண்டி சாஞ்சா உள்ள இருக்கிற தண்ணி அப்படியே பைப்புக்கு வந்துரும். அடிபட்டா மூடிக்க வால்வு இல்ல. ராவைக்கு ஓட்டோவ எங்க நிப்பாட்டுவீங்க?"

"லயத்து வாசல்லதான்."

"வாசலுக்கு உள்ள என்ன எரியுது?"

அவர் பதில் சொல்லவில்லை. லயத்துக் காம்பிராவில் வாசலை ஒட்டி விறகடுப்பு எரிகிறது என்பது இருவருக்கும் தெரியும். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் பாரம் கூடியது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, தாழ்வான இடத்தைத் தேடிப்போய்த் தேங்கும். அடுத்த வீட்டு அடுப்பு வரைக்கும் போகும். மீதேன் காற்றைவிட இலேசானது. திறந்த வெளியில் மேலே கலைந்துவிடும். இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே எங்கள் கராஜில் கேஸ் வண்டியைக் குழிக்கு மேலே நிறுத்திவைப்பதில்லை. ஒரு லயத்தில் பத்துக் குடும்பம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த வேலையை நான் செய்யவில்லை, அவருக்கும் செய்யவில்லை, பின்னால் வந்தவர்களுக்கும் செய்யவில்லை. கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு நாள் உழைப்பு போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று அறிந்தே மறுத்தேன். அவர்களுக்குச் செய்யக்கூடியதைச் செய்தேன்: காபரேட்டரைச் சுத்தம் செய்து, பிரேக் பிடித்திருப்பதை விடுவித்து, ஒரே திசையில் போகிறவர்களைச் சேர்த்து ஏற்றும்படி சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சிலிண்டரை நம்ப முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் அப்போது கண்முன் இருந்தது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்கச் சமையலறைகளில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. ஆராய்வதற்கு ஜனாதிபதி நியமித்த குழு, கேஸின் கலவை மாறியதையே முக்கிய காரணமாகக் காட்டியது. புரொப்பேன் கூடினால் உள்ளே அழுத்தம் கூடும்; பழைய கலவைக்குப் பழகிய ஹோஸும் ரெகுலேட்டரும் அதைத் தாங்காமல் கசியும். மலையின் குளிருக்குப் புரொப்பேன் கூடிய கலவையே எஞ்சினுக்கு நல்லது என்பது மேலே சொன்னதிலிருந்து விளங்கும். ஆனால் எந்தக் கலவை வருகிறது என்று விற்கிறவர் எழுதி ஒட்டாத வரைக்கும், அதற்கேற்ற சாமானைப் பூட்டுவது எந்த மெக்கானிக்காலும் முடியாது.

சில மாதங்களில் கேஸும் காணாமல் போனது. சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வைத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தில் கிடைக்கும் கேஸ் கொஞ்சம்தான். மீதி முழுவதும் கப்பலில் வருகிறது. பெற்றோலுக்கும் டொலர், கேஸுக்கும் டொலர். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை நம்பியவர்கள் இரண்டு வரிசையிலும் நிற்க வேண்டியதாயிற்று.

இயற்கை வாயு வந்தால்

2011இல் மன்னார்ப் படுகையில் கெயர்ன் நிறுவனம் துளையிட்டு இயற்கை வாயு இருப்பதைக் கண்டது. டொராடோ, பராக்குடா என்று அந்தக் கிணறுகளுக்குப் பெயர். அந்த வாயு இன்னும் கடலுக்கு அடியிலேயே இருக்கிறது. என்றாவது அது மேலே வந்தால் நம் கார்களும் அதில் ஓடலாமே என்று பேசுகிறவர்களுக்கு, மற்ற ஊர்கள் எப்படிச் செய்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

டெல்லியில் காற்று மோசமாகியதால் 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம் பஸ்களை இயற்கை வாயுவுக்கு மாற்றச் சொன்னது. 2002 முடிவதற்குள் பஸ்கள் மாறின. அதற்கு முன்பே குஜராத் பக்கத்திலிருந்து வடக்கே போகும் பெரிய வாயுக் குழாய் போடப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் தொடக்கத்தில் ஷெட்டுகள் போதாமல் ஓட்டோக்காரர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். டாக்காவில் ஓட்டோவுக்கே சி.என்.ஜி. என்று பெயராகிவிட்டது, வங்கதேசத்துக்குச் சொந்த வாயு வயல்கள் உண்டு. பாகிஸ்தானிலும் சொந்த வாயு இருந்தது. உலகிலேயே அதிக வாயு வாகனங்கள் ஓடும் நாடுகளில் ஒன்றாக அது ஆனது. பிறகு வாயு குறைந்தபோது வாரத்தில் சில நாள் ஷெட்டுகளை மூடிவைக்க வேண்டி வந்தது. முதல் இரண்டு ஊரிலும் வாயு முதலில் வந்தது, வண்டி பிறகு வந்தது. மூன்றாவது ஊரில் வண்டி வாயுவை முந்திக்கொண்டது.

இலங்கையில் வாயுக் குழாய் கிடையாது. குழாய் இல்லாமல் மலைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 200 பார் சிலிண்டர்களை அடுக்கிய லொறிகள் கினிகத்தேனை ஏற வேண்டும். காருக்குள்ளும் பாரம் கூடும். இந்தியச் சிறிய கார்களில் இருப்பது போன்ற அறுபது லீற்றர் உருளையில் எட்டு, ஒன்பது கிலோ வாயுதான் அடங்கும்; இரும்பின் எடையோ அறுபது கிலோவுக்குக் குறையாது. டிக்கி போகும், ஏற்றத்தில் இழுவை போகும். மூன்று ஆண்டுக்கொருமுறை உருளையைச் சோதிக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டம். தினமும் குறித்த பாதையில் ஓடி இரவில் ஒரே டிப்போவுக்குத் திரும்பும் சமதரை பஸ்ஸுக்கு இயற்கை வாயு அருமையான எரிபொருள். கொட்டகலைக் காருக்கு அது உகந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

பெற்றோல் இந்த மலையில் ஏன் நிலைத்தது என்று யோசித்தால் விஷயம் தெளியும். 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் ரயில் வந்தது தேயிலைக்காக. அந்தத் தண்டவாளத்திலேயே பின்னாளில் எண்ணெய் வண்டிகள் ஏறி வந்தன. கொட்டகலையில் எண்ணெய்க் களஞ்சியம் இருப்பதே அதனால்தான். எஞ்சின் நல்லதா என்பது பிந்திய கேள்வி. எரிபொருள் வரும் பாதையை யாரோ முதலில் போட்டிருக்க வேண்டும்.

ஆகவே வண்டிக்குக் கேஸ் கொடுப்பது நாட்டுக்கு நல்லது என்று தீர்மானிக்கிறவர்களிடம் எங்கள் மலையின் சார்பில் நான் கேட்பது இவை. தண்டவாளத்தை ஒட்டி இங்கேயே மொத்தக் களஞ்சியமும் கேஸ் அடிக்கும் ஷெட்டும் வேண்டும். டேங்க் சோதிக்கும் இடம் ஹட்டனிலாவது வேண்டும். கலவையின் அளவு ஷெட்டில் எழுதி ஒட்டப்பட வேண்டும். கிட் பூட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும். அதற்கான பயிற்சி ஹட்டன் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடத்தில் தமிழில் நடக்க வேண்டும். கொழும்புக்குப் போய் ஒரு பாஸிடம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது போல எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது. இவையெல்லாம் இல்லாமல் கிட்டை மட்டும் விற்றால், அது அரைகுறையாகக் கழற்றப்பட்டு என் கராஜின் மூலையில் வந்து சேரும்.

இப்போது என்னிடம் வேலை பழகும் பையன்கள் மின்சார ஓட்டோவைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசட்டும், நல்லது வந்தால் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது இதுதான். புதிதாக எது வந்தாலும் எஞ்சின் பலத்தைக் கேட்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். இதை நம் ஊரில் எங்கே நிரப்புவது? யார் சோதித்துக் கையெழுத்திடுவது? வட்டவளை மழையில் நடுச்சாமத்தில் நின்றுபோனால் யார் வந்து திருத்துவது? மூன்றுக்கும் பதில் இருந்தால் தைரியமாகப் பூட்டுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், வண்டிக்காரரிடம் அதைச் சொல்லி அவருடைய காசைக் காப்பாற்றிக் கொடுப்பதும் நம் தொழில்தான்.